வாயில் ஆணியோடு நின்ற பெண் குறித்து ஒரு விளக்கம்

வேங்கிக்கால்,
பௌர்ணமி கழிந்த புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய கீழ்பென்னாத்தூர் அப்பாசாமி அவர்களுக்கு (சம்பந்தி என்று எழுதத்தான் கை துடிக்கிறது, தங்கள் முடிவு தெரியும்வரை அடக்கி வைத்திருக்கிறேன்) சகாதேவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் மனைவியும் மகள் ஆர்த்தியும் சுகம். தாங்களும் மாப்பிள்ளைத் தம்பி இளவரசனும் சுகமாக இருப்பீர்கள். தங்கள் துணைவியார் சந்திரம்மாள் அவர்களின் இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று அறிய மிக்க ஆவல். போனில் கேட்கலாம் என்றால் தாங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் நீலக் கோடு மட்டும் வருகிறது. நான் காலமெல்லாம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன், காகிதத்தில் எழுதினால்தான் எனக்கும் நம்பிக்கை.

நேற்று தரகர் திருமலை வந்து தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். "பொண்ணுக்கு வாய் பேச வராதாமே? அத மறைச்சுத்தான் போட்டோ குடுத்தீங்கன்னு அந்தம்மா சொல்றாங்க" என்றார். பேச வராதா? ஆர்த்திக்கா? அவள் பேச ஆரம்பித்தால் என் வீட்டு டிவியை நான் அணைத்துவிட வேண்டும். வாடகை வீட்டுக்காரர், கேஸ் சிலிண்டர்காரர், பக்கத்து வீட்டு நாய் எல்லாருக்கும் அது தெரியும். ஆகவே அன்று நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன்.

ஆர்த்தி இன்டீரியர் கம்பெனியில் இன்டர்ன் என்று தங்களிடம் சொல்லியிருந்தேன். இன்டர்ன் என்பது சத்தியம். கம்பெனி என்பது அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக இருக்கும் கலையரசனின் குஷன் கடை. ஏசி இருக்கிறது என்றது கொஞ்சம் ஜாஸ்தி, ஒரு டேபிள் ஃபேன் இருக்கிறது, அதுவும் பசை காயத்தான். பொறியியல் படித்து, சென்னையில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்த பெண், "நான் சோபா செய்யக் கத்துக்கப் போறேன்பா" என்றால் எந்தத் தகப்பன் வெளியே சொல்வான், நீங்களே சொல்லுங்கள். சேர்ந்த வாரமே எங்கள் வீட்டு சோபாவைக் கூடத்தில் கவிழ்த்துப் போட்டுப் பிரித்துவிட்டாள். வெளிநாட்டு ஃபோம் என்று கடைக்காரன் சத்தியம் செய்து கொடுத்த சோபா, ஊரெல்லாம் நான் பெருமை பேசிய சோபா. உள்ளே பார்த்தால் சிமெண்ட் சாக்கு, கிழிந்த லுங்கி, தொலைந்து போன என் மூக்குக் கண்ணாடி. "பாத்தீங்களாப்பா, மேல வெல்வெட்டு, உள்ள சாக்கு" என்றாள். அன்று முதல் அவள் என்னைப் பார்க்கும் பார்வையே எனக்குப் பிடிக்கவில்லை.

இனி பௌர்ணமிக்கு வருகிறேன். கூட்டம் சேர்வதற்குள் பகலிலேயே மலையைச் சுற்றிவிடலாம் என்று தாங்களும் சந்திரம்மாள் அவர்களும் வந்தீர்கள், மரியாதைக்கு நானும் கூட நடந்தேன். அந்தக் கடை வரும்போது "அங்க பாருங்க, மலை எப்படித் தெரியுது" என்று நான் கையை நீட்டிக்கொண்டே நடந்தது பக்தியினால் அல்ல என்பதை இப்போது ஊகித்திருப்பீர்கள். ஆனால் வெறுங்காலோடு நடந்து களைத்த சம்பந்தியம்மா மலையைப் பார்க்கவில்லை, கடை வாசலில் துணி போர்த்தி வைத்திருந்த சோபாவைப் பார்த்துவிட்டார்கள். "அப்பாடா" என்று உட்கார்ந்தார்கள். அது வெறும் மரச்சட்டம், குறுக்கே ரெண்டே ரெண்டு நாடாப் பட்டை இழுத்துக் கட்டியிருந்தது. அம்மா உள்ளே போனது போனதுதான், முழங்கால் மூக்கைத் தொட்டது. கிரிவலம் வந்தவர்கள் நின்று "அரோகரா" என்றார்கள். ஒரு வெள்ளைக்காரர், ஏதோ ஆசனம் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டுப் போட்டோ எடுத்தார்.

அப்போது உள்ளேயிருந்து ஓடி வந்தவள்தான் என் மகள். குஷன் வேலையில் சின்ன ஆணிகளை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார்களாம். அப்படியே வந்துவிட்டாள். இரண்டு கையாலும் அம்மாவைப் பிடித்து இழுக்கிறாள். "ஏங்க, போட்டோல பாத்த பொண்ணு மாதிரியே கீதே? நீ சகாதேவன் பொண்ணுதானே, வாயத் தொறந்து சொல்லும்மா" என்று அம்மா கேட்டார்கள். திறந்தால் ஆணி அத்தனையும் அம்மாவின் முகத்தில் கொட்டும். அதனால் "ம்ம்... ம்ம்" என்றாள். தாங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். அவள் தலையெல்லாம் பஞ்சு, உடம்பில் நைந்துபோன காக்கிச் சட்டை. நான் "எனக்குத் தெரியாதுங்க, யாரோ பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கவில்லை, கலையரசன் வெளியே வந்து, "இன்னா சார், பொண்ணு வேல செய்யறத பாக்க வந்தீங்களா? ஆர்த்தி, அப்பா வந்துகிறாரு பாரு!" என்றார். ஆர்த்தி என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். அதற்குள் அவள் இழுத்து நிறுத்திய அம்மாவோடு தாங்கள் ஆட்டோ ஏறிவிட்டீர்கள்.

திருமலை இன்னொன்றும் சொன்னார். பெண்ணுக்குப் பேச வராவிட்டாலும் தங்களுக்குச் சம்மதமாம், வீடு அமைதியாக இருக்குமாம், ஆனால் ஆணியடிக்கிற வேலை மட்டும் குடும்பத்துக்கு ஆகாதாம். என்ன பெருந்தன்மை! அந்த வேலையை அவள் விட்டுவிடுவாள், நான் பொறுப்பு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை, பத்திரிகை அச்சானதும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். தங்கள் குலம் தழைக்க, தம்பி இளவரசன் நீடூழி வாழ, அம்மாவின் இடுப்பு சீக்கிரம் நிமிர, அண்ணாமலையாரை வேண்டும்,

சகாதேவன்.

பி.கு.: இதை மேசைமேல் வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போனேன். வருவதற்குள் ஆர்த்தி படித்துவிட்டாள். வாயில் ஆணி இல்லை. "வேலைய விடமாட்டேன்பா. அவங்க உக்காந்த சோபா இன்னைக்கு முடிஞ்சுது. அந்தம்மாவ வந்து நல்லா சாஞ்சு உக்காரச் சொல்லுங்க. பொண்ணு பாக்க மட்டும் வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "யாரோ பொண்ணுன்னு சொன்னீங்களே" என்றாள். சாயங்காலம் கடைக்குப் போய் அந்த சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டுப் பழக்கமில்லாததால் இதையே அனுப்புகிறேன். அம்மாவின் இடுப்பை விசாரித்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை ரத்து என்று கொள்ளவும். அன்று ரோட்டில் நான் சொன்னதையும் ரத்து செய்து, கீழ்க்கண்டபடி திருத்தி வாசிக்கவும்: அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். என் மகள்.