அக்கா மகனுக்கு ஒரு ரோபோ

"யாருக்கு சார் வேணும்?"

அலமாரி இடுக்கு வழியாகக் கடையை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த மீட்டர்க்காரர், பின்னாலிருந்து குரல் வந்ததும் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். தலை மேல்தட்டில் இடித்தது. ரோபோ பெட்டி ஒன்று அவர் தோளில் இறங்கி, அங்கிருந்து தரைக்குப் போனது.

"அக்கா பையனுக்கு," என்றார், உச்சந்தலையைத் தேய்த்தபடி.

அவருக்கு அக்காவே கிடையாது.

வீடு வீடாகப் போய், மின்சார மீட்டரில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று துருவுவது அவர் உத்தியோகம். ஆபீஸில் அவருக்கு 'டார்ச்' என்று பெயர். வீட்டுக்கு வந்தாலும் அந்த டார்ச் அணையாது. பால் ஏன் சீக்கிரம் திரிந்தது, பக்கத்து வீட்டுக்காரர் ஏன் சிரித்தார், எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு கள்ள ஒயர் ஓடுவதாகவே அவருக்குப் படும்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள், பல் டாக்டர், போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்: "அப்பா, நான் ஒருத்தரை விரும்புறேன். ரோபோ பொம்மை விக்கிற கடையில பழக்கம். ஞாயித்துக்கிழமை அவங்க வீட்ல எல்லாரும் நம்மளைப் பார்க்க வர்றாங்க."

"பொம்மைக் கடையிலயா? பல் டாக்டருக்கு அங்க என்ன வேலை?"

"நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள பார்த்துட்டு வர்றேன்பா. சாயங்காலம் கொஞ்ச நேரம் பாகம் பாகமா ஒரு பொம்மையைக் கட்டினா மனசு லேசாகுது. அவரும் அதுக்குத்தான் வர்றார்."

வயது வந்த ஆண்பிள்ளை பொம்மை கட்டுகிறானாம்! அதில் ஏதோ இருக்கிறது என்று அவர் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள்.

"இந்தத் தடவை எங்கயாவது போய் வேவு பார்த்தீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

அதனால்தான் சனிக்கிழமை காலை, "முடி வெட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் இந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

குரல் கொடுத்தவருக்கும் அவர் வயதுதான் இருக்கும். கருநீலச் சட்டை. கல்லாவில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்த பெண்ணும் கருநீலத்தில்தான் இருந்தாள். ஆக, கடை ஆள். விசாரிக்க இவரைவிட்டால் வேறு யார்?

"பையன் இதுக்கு முன்னாடி கட்டியிருக்கானா?" என்றார் நீலச்சட்டைக்காரர், விழுந்த பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே.

"இல்ல. இதுதான் முதல் தடவை."

"அப்போ இதை எடுங்க." மஞ்சள் நிறத்தில், தொப்பை போட்ட குட்டி ரோபோவின் பெட்டியை நீட்டினார். "பாகம் கம்மி, பெருசு பெருசா இருக்கும். பசை வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். பிளாஸ்டிக் சட்டத்துலேருந்து ஒவ்வொண்ணா வெட்டி எடுத்து அழுத்தினா 'டக்'னு உட்கார்ந்துடும்."

மீட்டர்க்காரரின் புருவம் ஏறியது. எந்தக் கடைக்காரன் இருப்பதிலேயே சின்னதைத் தூக்கிக் கொடுப்பான்? விற்காத சரக்கு. இல்லையென்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரத்து டேப்பை நகத்தால் சுரண்டினார்.

"அது வேண்டாம். அந்தக் கறுப்பு, றெக்கை வெச்சது, அதைக் காட்டுங்க."

"முதல் தடவைக்கு றெக்கை ஆகாது சார். கட்டி முடிச்சாலும் நிக்காது, பின்னாடி சாஞ்சிடும். உள்ளே கொசு கொசுன்னு நூத்துக்கணக்கில பாகம். பையன் பாதியிலேயே வெறுத்துப் போயிடுவான்."

"உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி போலிருக்கே?"

"கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போச்சு," என்று நீலச்சட்டைக்காரர் பெருமூச்சு விட்டார்.

மூலையில் ஒரு மேஜை. வாங்குபவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக அரைகுறையாகக் கட்டிய மஞ்சள் ரோபோ ஒன்று அதில் உட்கார்ந்திருந்தது. பேச்சை வளர்க்க இதுதான் சாக்கு என்று மீட்டர்க்காரர் அதன் தலையை எடுத்துக் கழுத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். 'டக்'. முகம் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

இழுத்தார். வரவில்லை. முறுக்கினார். வரவில்லை.

"குடுங்க," என்று நீலச்சட்டைக்காரர் வாங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். தலை இருந்த இடத்திலேயே இருந்தது. வலது கை மட்டும் கழன்று பறந்து எங்கோ அலமாரிக்கு அடியில் போயிற்று. இருவரும் கல்லாப் பக்கம் பார்த்தார்கள். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. நீலச்சட்டைக்காரர் மெல்ல ரோபோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்தார். இப்போது முகம் சரியாக இவர்களைப் பார்த்தது.

கடை ஆளுக்கே கழற்றத் தெரியவில்லையே என்று மீட்டர்க்காரருக்குள் ஒரு பொறி தட்டியது. ஆனால் வந்த காரியம் முக்கியம்.

"இங்க சனிக்கிழமை ஒரு பையன் வருவானாமே? ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு? லிஃப்ட் கம்பெனியில இன்ஜினியரு?"

நீலச்சட்டைக்காரர் முகம் சட்டென்று மலர்ந்தது. "ஓ, அந்தப் பையனா! தங்கம் சார். அதிர்ந்து பேச மாட்டான். அப்பா கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான்."

"கெட்ட பழக்கம் ஏதாவது?"

"காபிகூடக் கிடையாது சார். ரெண்டு தும்மல் போட்டா ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வீட்ல படுத்துப்பான். அவ்வளவு ஜாக்கிரதை."

"சிநேகிதங்க?"

"ஒருத்தன்கூடச் சோடை கிடையாது."

மீட்டர்க்காரரின் சந்தேகம் இப்போது எழுந்து நின்றே விட்டது. பொம்மை வாங்க வருபவனின் தும்மல் வரை கடை ஆளுக்கு எப்படித் தெரியும்? சொல்லிக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பையன் ஆளை விலைக்கு வாங்கிவிட்டான்!

"இவ்வளவு விவரம் எப்படிங்க தெரியும் உங்களுக்கு?"

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்." நீலச்சட்டைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது சரி, நீங்க இங்க அடிக்கடி வர்றவர்தானே?"

"பின்னே? பல வருஷமா வர்றேன்," என்றார் மீட்டர்க்காரர். அக்காவை உண்டாக்கியவருக்கு இது ஒரு பெரிய விஷயமா?

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இங்க ஒரு பொண்ணு வருமாமே... முடியைக் கட்டையா வெட்டிக்கிட்டு, பல் டாக்டரு. அது எப்படி? ஆள் நல்ல மாதிரியா?"

மீட்டர்க்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அட கிழட்டுப் பயலே! தலை நரைத்த வயதில் கடைக்கு வருகிற பெண்ணைப் பற்றி விசாரிக்கிறாயா? அதுவும் என் பெண்ணை? அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பார். பிடித்தால் விஷயம் வீட்டுக்குப் போகும். மனைவி அண்ணன் வீட்டுக்குப் போவாள். ஆகவே இந்த ஆள் இனி அவள் பக்கம் தலைவைத்துப் படுக்காதபடி செய்வதுதான் ஒரே வழி.

"அந்தப் பொண்ணா?" என்று உதட்டைப் பிதுக்கினார். "அது பேச்சே எடுக்காதீங்க."

"ஏன் சார்?"

"ஐயோ, கோபம்னா கோபம் அப்படி ஒரு கோபம். பிடிக்காதவங்க வந்தா மரத்துப்போற ஊசியே போடாம பல்லைப் பிடுங்கிடுமாம்."

நீலச்சட்டைக்காரரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "நிஜமாவா? படிச்ச பொண்ணாச்சே!"

"படிச்சதாலதான் எந்தப் பல் அதிகமா வலிக்கும்னு தெரியுது."

"வீட்ல... அப்பா அம்மா எப்படி?"

வீடு வரைக்கும் வருவான் போலிருக்கிறதே! மீட்டர்க்காரர் நெருங்கி வந்து காதோரம் சொன்னார்: "அப்பன் இருக்கானே, அவன் ஒரு ரௌடி. பொண்ணைப் பத்தி எவனோ விசாரிச்சான்னு, கையைப் பிடிச்சு கரண்ட்டுல வெச்சவன். கேஸே நடந்துச்சு."

"கரண்ட்டுலயா!"

"அந்தம்மா பாவம். வாரத்துக்கு ஒருதரம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடும்."

நீலச்சட்டைக்காரருக்கு நெற்றியில் வியர்த்தது. "அப்போ... ஒரு நல்ல குடும்பத்துல அந்தப் பொண்ணைக் கட்டினா..."

கட்டிக்குவானாமே, கிழவன்! "குடும்பமா?" என்றார் மீட்டர்க்காரர். "ஓடிப்போயிடுங்க. உசுரோட இருக்கணும்னா இன்னைக்கே ஓடிப்போயிடுங்க."

அந்த மனிதர் மீட்டர்க்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "தெய்வம் மாதிரி வந்தீங்க சார். இந்த உதவியை மறக்கவே மாட்டேன்." செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, கதவில் 'இழு' என்றிருந்ததைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒருவழியாக வெளியே ஓடினார்.

மீட்டர்க்காரர் நெஞ்சு நிமிர்ந்து நின்றார். பெற்றவன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும். ஒரே காலையில் ஒரு கிழவனிடமிருந்து மகளைக் காப்பாற்றிவிட்டார்! மாப்பிள்ளைப் பையன்கூட இப்போது அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை. அந்தக் குஷியில் மஞ்சள் ரோபோவையே எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார். நாளைக்கு வருகிற பையனிடம் நீட்டி, "வாங்க, சேர்ந்து கட்டலாம்" என்று சொன்னால் மகள் எவ்வளவு சந்தோஷப்படுவாள்!

"ஏம்மா," என்றார் கல்லாப் பெண்ணிடம். "கடையில ஆள் வைக்கும்போது கொஞ்சம் விசாரிச்சு வைக்க மாட்டீங்களா? அந்த நீலச்சட்டைக்குப் பார்வையே சரியில்ல. இங்க வர்ற ஒரு பொண்ணைப் பத்தி என்கிட்டயே கேட்கிறான். நான் குடுத்த குடுப்புல இனிமே இந்தப் பக்கம் வர மாட்டான்."

அந்தப் பெண் முதல் தடவையாகச் செல்போனைக் கீழே வைத்தாள்.

"ஐயையோ அங்கிள், அவர் கடை ஆள் இல்ல, நாளைக்கு உங்க வீட்டுக்கு வரப்போற சம்பந்தி! ரெண்டு அப்பாவும் வேவு பார்க்க வருவீங்கன்னு தெரிஞ்சுதான் உங்க பொண்ணு உங்க ரெண்டு பேர் போட்டோவையும் என்கிட்ட காட்டி, 'ரெண்டு பேரையும் பேச விட்டுடு, எங்கப்பா ஊரையே சந்தேகப்பட்டாலும் என்னைப் பத்தி மட்டும் நல்லதுதான் சொல்வாரு'ன்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போச்சு!"