விசாவைக் கெடுத்த மைத்துனருக்கு

நரிக்குடி,
வெள்ளிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் ராமசுப்பு அவர்களுக்கு,

சுந்தரபாண்டி எழுதுவது. இங்கே நான், உன் அக்கா முருகலட்சுமி, மகள் ஈஸ்வரி, ஆடுகள் எல்லோரும் சுகம். உன் சுகத்தை இந்தத் தடவை நான் விசாரிப்பதாக இல்லை. 'அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறேனே என்று குளிர்ந்துவிடாதே. இத்தனை வருடம் மாப்பிள்ளை என்று கூப்பிட்டவன் 'அவர்கள்' என்று எழுதினால் அது மரியாதை இல்லை, தூரம். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியத்தையாவது முடிக்க விட்டிருக்கிறாயா? கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே எழுதுகிறேன்.

உன் மருமகள் ஈஸ்வரி நான்கு வருடமாக எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும். கரண்டு போனால் இன்வெர்ட்டர், அதுவும் போனால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக் குடை பிடித்துக்கொண்டு வேலை பார்ப்பாள். ஆடு கத்தினால் மீட்டிங்கில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் ஆட்டின் சுகத்தை விசாரிக்கிறார்களாம், உன்னைவிட நல்ல மனிதர்கள். இப்போது அதே வேலையை, அதே கம்ப்யூட்டரில், போர்ச்சுகல் நாட்டில் ஒரு வருடம் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன் என்றாள். முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "அப்பா, நாலு வருசமா இந்தச் சன்னல் வழியா சீமைக்கருவேலத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். சரி என்றேன். சரி என்ற நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த நாட்டுக்காரனிடம் வேலை தரவேண்டாம், சம்பளம் தரவேண்டாம், ஒரு மூலையில் இருக்க மட்டும் விடு என்று கேட்பதற்கு எத்தனை காகிதம்! வாடகை வீட்டுக்குக் காகிதம், காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று ஒரு காகிதம், இவள் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று போலீஸ் காகிதம். ஸ்டேஷனில் இருந்தவர், "பொண்ணு என்ன செஞ்சுச்சு?" என்றார். "ஒண்ணும் செய்யலங்க" என்றேன். "ஒண்ணும் செய்யலேன்னா எதுக்குய்யா இங்க வந்த?" என்கிறார். அந்த வெயிலில் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

இவ்வளவையும் தாண்டி எல்லாவற்றையும் அனுப்பியாயிற்று. அவசரத்துக்குப் பேச ஒரு ஆள் பெயர் கேட்டிருந்தார்கள். ஆட்டுக்கொட்டகையில் என் போன் மணி அடிக்காது என்பதால், தாய்மாமன், பாளையம்பட்டியில் சிமெண்டுக் கடை வைத்திருக்கும் பொறுப்பான மனிதர் என்று ஈஸ்வரி உன் நம்பரைக் கொடுத்தாள். பொறுப்பான மனிதர்! மதுரையில் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுத்த ஏஜெண்டு, "விசாரிச்சு போன் வந்தாலும் வரும், சூதானமாப் பேசுங்க" என்றார். அதை அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். நீ குறுக்கே பேசிக்கொண்டிருந்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு அந்த போன் வந்திருக்கிறது. யாரோ ஒரு அம்மா. ஈஸ்வரி எப்படி, என்ன வேலை, எவ்வளவு நாள் இருப்பாள் என்று கேட்டிருக்கிறார். நீ என்ன நினைத்தாய்? முன்பின் தெரியாத பெண்குரல் நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் அது மாப்பிள்ளை வீடாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாய். நீ சொன்னதை எல்லாம் பெருமையாக உன் அக்காவுக்கு போன் போட்டு ஒப்பித்தாயே, அப்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"புள்ள தங்கமானவ. வேலையெல்லாம் சும்மா பொழுதுபோகாமப் பாக்குறா, நீங்க வேணாம்னா அன்னைக்கே விட்டுருவா. தனியாப் பந்தல்குடியைத் தாண்டிப் போனதில்ல. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துருவா. ஒரு தடவ உங்ககிட்ட வந்துட்டா அப்புறம் எங்கயும் போகமாட்டா, காலம்பூரா உங்களோடதான்!"

ஏலே ராமசுப்பு, நீ வாயால் பேசினாயா வேறு எதாலாவது பேசினாயா? விசா கொடுக்கிறவன் பயப்படுவதே வந்தவர்கள் திரும்பிப் போகமாட்டார்கள் என்றுதான். அவனிடம் காலம்பூராவும் உங்களோடுதான் என்று தாய்மாமனே வாக்குக் கொடுத்தால் அவன் முத்திரை குத்துவானா, கதவைச் சாத்துவானா? வேலையை விட்டுவிடுவாள் என்று வேறு சேர்த்துச் சொல்லியிருக்கிறாய். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்திய கத்தில் கொட்டகையில் ஆடுகள் எழுந்து நின்றன. உன் அக்கா மட்டும் வாயே திறக்கவில்லை. தம்பி செய்த காரியத்தில் அவளுக்கும் வெட்கம் என்று நினைக்கிறேன்.

மறுநாளே தெருவில் வீடு வீடாகப் போனேன். யார் போன் போட்டுக் கேட்டாலும் ஈஸ்வரி விடிய விடிய வேலை பார்ப்பாள், ஒரு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவாள், இரண்டை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். புதன்கிழமை அந்த அம்மா எனக்கே போன் போட்டுவிட்டார். நீ கொடுத்த நம்பராம். விருதுநகரிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அங்கேயும் விசாரணைக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் போல என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடி பேசினேன்.

"பொண்ணு வேலையை விட்டுரும்னாகளே?" என்றார்.

"அது வெவரமில்லாத ஆளு சொன்னது. எம் மக வேலையை விடவே மாட்டா. அந்தக் கம்பெனியில எந்த நாட்டுல எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு மருந்து தீரப்போகுதுன்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்றது அவதான். அவ ஒருநாள் படுத்துட்டா அங்க நோயாளிக்கு மருந்து இருக்காது. ரெண்டு வெள்ளைக்காரவுக இவகிட்ட கேட்டுத்தான் வேலை பாக்குறாக" என்றேன்.

"எங்ககிட்ட வந்தா அனுசரிச்சு இருந்துக்கிருமா?"

"அனுசரிக்க என்ன இருக்கு? தனி வீடு பாத்தாச்சு. உங்ககிட்ட ஒரு வாய் சோத்துக்கு வந்து நிக்கமாட்டா."

"சமையல் பண்ணுமா?"

இதை ஏன் கேட்கிறார் என்று யோசித்தேன். பட்டினி கிடந்து அவர்களுக்குச் செலவு வைத்துவிடக்கூடாதே என்றுதான் இருக்கும். "முட்டை அவிப்பா. மத்ததைக் கடையில வாங்கிக்குவா" என்றேன். "நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீக. சரியா ஒரு வருசம். மறுநாள் நம்ம வீட்டுக்குத் திரும்பிருவா. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"ஒரு வருசந்தானா?" என்று கேட்டார், குரலே மாறிவிட்டது.

"பிடிச்சிருந்தா இன்னொரு வருசம் நீட்டிக்கலாம்னு சட்டம் இருக்காம். அது அவ இஷ்டம்."

போனை வைத்துவிட்டார். நான் அவ்வளவு சுத்தமாகப் பேசியும் அந்த அம்மா வெறுத்துப்போய் வைத்தார் என்றால், முதலில் நீ ஊற்றிவைத்த விஷம் எவ்வளவு இருக்கும்! திரும்பி வந்துவிடுவாள் என்று நாலு தடவை சொன்னேன் ராமசுப்பு. அவள் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகிறாளே என்று வலிப்பது எப்படி இருக்கும் என்று சிமெண்டு விற்கிறவனுக்குச் சொன்னால் புரியாது.

ஆகவே இன்றோடு நமக்குள் பேச்சு முடிந்தது. உன் லோடு வண்டியை இனி நரிக்குடிப் பக்கம் திருப்பாதே. ஈஸ்வரிக்கு என்றைக்குக் கல்யாணம் நடந்தாலும் மாமன் மாலையை வேறு கழுத்துள்ள மனிதனுக்குப் போட்டுக்கொள்கிறேன். உன் மனைவி சந்தனம்மாளுக்கு என் அன்பைச் சொல்லவும். அவள் பங்கிலிருந்து நீ எடுத்துக்கொள்ளவேண்டாம். நம் குலசாமி உனக்கு நீண்ட ஆயுளும் வாய்க்கு நல்ல பூட்டும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மச்சான்,
சுந்தரபாண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது ஈஸ்வரி மாடியிலிருந்து ஓடிவந்தாள். விசா வந்துவிட்டது. "அவங்க யாருக்கும் போன் பண்ணலப்பா, எல்லாம் மெயில்லதான் கேட்டாங்க" என்கிறாள். அப்படியானால் விருதுநகர் அம்மா யார் என்று நான் கேட்டு முடிக்கவில்லை, கல்யாணத் தரகர் கோட்டைச்சாமி போன் போட்டார். "ஏன்ணே, பொண்ணைக் கட்டிக்குடுக்கும்போதே ஒரு வருசத்துல கூட்டிட்டு வந்துருவேன், எழுதித் தாரேன்னு சொன்னா எந்த மாப்பிள்ள வீட்டுலண்ணே ஒத்துக்கிருவாக?" என்று அழாத குறை. எனக்குத் தெரியாமல் ஜாதகத்தையும் உன் நம்பரையும் அவரிடம் கொடுத்தது உன் அக்கா. இப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஆக, நீ சரியான ஆளிடம்தான் பேசியிருக்கிறாய். நான்தான் தப்பான ஆளிடம் பேசியிருக்கிறேன். என்ன பேசினேன் என்று ஈஸ்வரி கேட்டாள். சொன்னேன். சிரித்துச் சிரித்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன வேலை பாக்குறேன்னே உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்ப்பா" என்றாள்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், பாளையம்பட்டிக்கு இதைக் கொண்டுவரும் வண்டிக்காரன் சோலை வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். அதனால் மேலே உள்ளதைப் படிக்காதே. அடுத்த வியாழக்கிழமை மதுரையில் பிளேன். சிமெண்டுத் தூசியைக் கழுவிவிட்டு வண்டியைக் கொண்டுவா மாப்பிள்ளை. திரும்பி வரும்போது நான் பேசமாட்டேன். நீ எதையாவது பேசிக்கொண்டே வா.