பார்கேவின் கைமணம்

தக்கை பாட்டிலுக்குள் விழுந்ததும் சிரானுஷுக்குப் பாதி உயிர் போயிற்று. மூக்கைக் கிட்டே கொண்டுபோனதும் மீதியும் போயிற்று. ஒயின் புளித்து வினிகராகியிருந்தது.

புருஷன் பார்கேவ் செய்ததில் மிஞ்சியது அந்த ஒரு பாட்டில்தான். அவர் போன பிறகு அதை அவர் படத்துக்குப் பக்கத்தில், வெயில் விழும் ஜன்னலில் நிறுத்தி, தினமும் அதனோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒயினுக்கு வெயில் ஆகாது என்பது பாசத்துக்கு எங்கே தெரிகிறது?

மதியம் ஜிராயர் வருகிறார், மார்செய் நகரத்திலிருந்து. பார்கேவின் இளவயதுச் சிநேகிதர். அந்த நாளில் மூவரும் ஆற்றங்கரையில் மீன் சுட்டு, துளி இனிப்பில்லாத இந்த வெள்ளை ஒயினை ஒரே குவளையில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள்.

"அவன் ஒயின்ல ஒரு வாய் போதும் தங்கச்சி. அதுக்காகத்தான் வர்றேன்" என்று போனில் சொல்லியிருந்தார்.

ஒரு கரண்டி தேன் விட்டுப் பார்த்தாள். இருமல் மருந்தாயிற்று. தண்ணீர் விட்டாள். கழுநீராயிற்று.

மீனை அடுப்பில் ஏற்றிவிட்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடினாள். அங்கே ஊர்க்காரன் மானுக், தன் வீட்டில் செய்த ஒயினைக் கோலா பாட்டில்களில் அடைத்து லாரிக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தான்.

அவன் கடை வாசலில் அவளுக்குக் கால் கூசியது. "மானுக் வீட்டுல ஒயின் எங்க நிக்குது? எல்லாம் புளிச்சுப் போகுது. உன் ஊறுகாய்க்காவது ஆகட்டும்" என்று வருஷா வருஷம் ஒரு தாழி வினிகரைக் கொண்டுவந்து இறக்குவார் பார்கேவ். அந்த வினிகரில்தான் அவள் ஊறுகாய் ஊரில் பேர் வாங்கியது.

"மானுக், நல்ல வெள்ளை ஒயினா ஒண்ணு கொடு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

"என்ன அண்ணி, விசேஷமா?"

"ஜிராயர் வர்றாரு. உங்கண்ணன் பாட்டில் கெட்டுப்போச்சு."

மானுக் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்தான்.

திரும்பி வந்தால் மீன் கரிக்கட்டை. அவசர அவசரமாகப் பார்கேவின் பாட்டிலைக் கழுவி நிரப்புவதற்குள் ஜிராயர் வாசலில் நின்றார். தட்டில் வைக்க லவாஷ் ரொட்டியும் ஆட்டுப்பாலாடைக்கட்டியும் ஊறுகாயும்தான் இருந்தன. அந்த ஒயினையும் ஊறுகாயையும் பார்கேவ் ஒரே மேசையில் வைக்க விடமாட்டார். "பங்காளிங்க மாதிரி அடிச்சுக்கும்" என்பார்.

ஜிராயர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை.

"அவன் கைதான் தங்கச்சி. ஆத்தங்கரையில குடிச்ச அதே ருசி."

அவர் அழுதார். சிரானுஷும் அழுதாள். பார்கேவை நினைத்துப் பாதி, செத்தவர் பேரில் சொன்ன பொய்யை நினைத்துப் பாதி.

அந்த நேரம் பார்த்து மானுக் உள்ளே வந்தான். கையில் அவள் கடையில் விட்டுவந்த தலைத்துணி.

"வாப்பா, உக்காரு. பார்கேவ் ஒயின், குடி" என்று ஜிராயர் குவளையை நீட்டினார்.

மானுக் முகம் மாறாமல் குடித்தான். "அண்ணன் கைமணம் யாருக்கு வரும்" என்று சொல்லி எழுந்தான்.

சிரானுஷ் வாசல்வரை பின்னாலேயே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை மட்டம் தட்டிக்கிட்டே இருந்த மனுஷன் பேரை உன் ஒயினுக்கு வச்சிட்டேன். மனசுல வச்சுக்காதப்பா."

"அட விடுங்க அண்ணி. எங்கப்பா காலத்துலேர்ந்தே அந்த ஒயின் அண்ணன் பேர்லதான் போகுது. அண்ணன் செஞ்சதெல்லாம் உங்க ஊறுகாயிலதான் இருக்கு."