பூவரசங்கோட்டையின் எட்டாவது காட்சி

ஜமீன் என்று ஒன்று இருந்தால் அதற்கு ராஜதானி என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும். எங்கள் ஜமீனுக்கு இருபத்திரண்டு கிராமமும் பூவரசங்கோட்டை என்னும் ராஜதானியும் உண்டு. கல்லலை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து தெற்கே ஒன்பது மைல். ஆனால் அதைப் பார்க்கவென்று யாரும் போவதில்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் ரங்கூன் பார்த்திருக்கிறார்கள், பினாங்கு பார்த்திருக்கிறார்கள். பூவரசங்கோட்டைக்குப் போனவர்கள் கிஸ்தி கட்டப் போனவர்களும் மனுக் கொடுக்கப் போனவர்களும்தான். அவர்களும் தலையை நிமிர்த்திப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தக் குறையை நிவர்த்தி செய்ய ஜமீன் மானேஜர் திருவுளம் கொண்டார். அவர் கண் வைத்தியத்துக்காகக் கொழும்புக்குப் போயிருந்தபோது, கப்பலிலிருந்து துரைமாரும் துரைசானிமாரும் கூட்டமாக இறங்கி, யானையைப் பார்த்து, கோயிலைப் பார்த்து, ஒரு புத்தகத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனதைக் கட்டுப்போடாத கண்ணால் கண்டாராம். ராஜதானி என்றால் இதுவல்லவா என்று நினைத்தார். ஊர் திரும்பி யோசித்ததில், நம்மிடம் எல்லாம் இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் மட்டுமே இல்லை என்று தெளிந்தார். யானையும் இல்லைதான். அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

உடனே உத்தரவு பிறந்தது. எந்தக் காரியமாக யார் ராஜதானிக்கு வந்தாலும் முதலில் அதன் ஏழு காட்சிகளையும் கண்டுகளித்து, களித்ததற்குக் கையெழுத்திட்ட பிறகே மனு வாங்கப்படும்.

எங்களுக்கோ அவசரம். எங்கள் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மண்மேடிட்டுக் கிடந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டிவிடாவிட்டால் மழைத் தண்ணீர் அத்தனையும் மேலக்குடிப் பக்கம் திரும்பிவிடும். வெட்டுவதற்கு ஊரில் கை இருந்தது, மண்வெட்டி இருந்தது. ஜமீன் அனுமதி இல்லை. அதுவரை குடிக்கிற தண்ணீருக்கு மேலக்குடி ஊருணிக்குத்தான் நடந்தோம். பக்கத்து வீட்டுச் சோணையம்மாளின் மருமகள் வீரலட்சுமி நிறைமாதக்காரி. அவளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தாள்.

எங்கள் ஊர்த்தலைவர், அம்பலகாரர் செம்மலை மூன்று முறை பூவரசங்கோட்டைக்குப் போனார். மூன்று முறையும் ஐந்தாவது காட்சிக்குள் மனு வாங்கும் ஜமீன் கச்சேரியை அடைத்துவிட்டார்கள். வாசலில் வைத்துவிட்டு வந்த மனுவுக்கும் பதில் இல்லை.

"ஆம்பளைக கண்டுகளிச்சது போதும்க்கா. நாம போவோம். நான் பேசிக்கிறேன், கையெழுத்துக்கு நீங்க வாங்க" என்றாள் சோணையம்மாள். மடத்துப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாவது வரை படித்தவள். புரட்டாசி இருபதாம் தேதி, மாதாவை வேண்டிக்கொண்டு வண்டியேறினேன்.

கச்சேரி வாசலில் மாயக்கண்ணன் என்ற குமாஸ்தா நின்றார். காட்சிகளுக்கென்றே புதிதாக நியமிக்கப்பட்டவர்.

"தங்கள் விஜயத்தால் ராஜதானி பெருமை அடைகிறது" என்று ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

"விஜயம் இல்லய்யா, மனுக் கொண்டாந்திருக்கோம்" என்றாள் சோணையம்மாள்.

"மனுவைக் கையில வச்சுக்கிட்டே விஜயம் பண்ணலாம்மா. இங்குட்டு வாங்க."

முதற்காட்சி கொடிமரம். கொடி இல்லை, வெளுக்கப் போட்டிருந்தது. இரண்டாவது பீரங்கி. அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கோழியும் காட்சியா?"

"கோழி காட்சியில சேராது. ஆனா அது உள்ள இருக்கையில பீரங்கியத் தொடக்கூடாதுன்னு மானேஜர் உத்தரவு. காட்சி எந்த நிலையில பட்டியல்ல ஏறுச்சோ அந்த நிலையிலயே இருக்கணுமாம்."

"குஞ்சு பொரிச்சிருச்சுன்னா?"

"அதுக்குத்தான் மேலிடத்துக்கு எழுதியிருக்கு."

மூன்றாவது, மரத்தடியில் ஒரு நாற்காலி. துரை உட்காருவதற்காகப் போட்டதாம்.

"எந்தத் துரைய்யா உக்காந்தாரு?"

"இன்னும் யாரும் வரலை. வந்தா உக்காருவாக. முப்பது வருசமா அப்படியே இருக்கு."

சோணையம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நான் செத்த உக்காந்துக்கிறேனே" என்றாள். குமாஸ்தா பதறிப்போய்க் குறுக்கே வந்துவிட்டார்.

பிறகு குதிரை இல்லாத லாயமும், தெப்பம் இல்லாத தெப்பக்குளமும் பார்த்தோம். ஆறாவது காட்சியான தபால் பெட்டி முன்னால் நிற்கும்போது எனக்கு ஒரு செபமாலை முடிந்திருந்தது. ஏழாவது கச்சேரிக்குள்ளேயே இருந்தது. ஓர் ஆள் உயரத்துக்குக் காகிதக் குவியல், சுற்றிலும் கயிறு கட்டி.

"இருபத்திரண்டு கிராமத்து மனுக்கள். இந்த உயரத்துக்கு வேற எந்த ஜமீன்லயும் கிடையாது" என்றார் மாயக்கண்ணன். அவர் முகத்தில் முதல் தடவையாக உண்மையான சந்தோஷத்தைப் பார்த்தேன்.

நான் உற்றுப் பார்த்தேன். நடுவிலே நீட்டிக்கொண்டிருந்தது செம்மலையின் எழுத்து. "அந்தா, எங்க ஊர் மனு! அதை எடுங்கய்யா."

"அது காட்சிப் பொருளம்மா. உருவினா குவியல் சரிஞ்சிரும்."

"அப்ப இந்தக் காட்சிய நாங்கள்ல கட்டிக் குடுத்திருக்கோம்!" என்றாள் சோணையம்மாள். "என் மருமக தவிச்ச வாய்க்குத் தண்ணி தூக்குறா. நீங்க காகிதத்தை அடுக்கி அழகு பாக்கிறீக!"

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான் போலிருக்கிறது. "புத்தகத்துல கையெழுத்துப் போடுங்க. இந்த மனுவைக் குவியல்ல போடாம நேரா மானேஜர் கையில குடுக்கிறேன்" என்றார்.

புத்தகத்தில் கட்டம் கட்டமாகக் கேள்வி இருந்தது. களித்தீர்களா என்பதற்கு, பொய் சொல்கிறோமே என்று மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, களித்தோம் என்று எழுதினேன். கடைசிக் கேள்வி: தங்கள் ஊரில் காணத்தக்கது யாது?

அங்கேதான் சனியன் என் வாயில் உட்கார்ந்தது. ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கலாம். காலையிலிருந்து அந்த நாற்காலியையும் லாயத்தையும் பார்த்த வயிற்றெரிச்சல் விடவில்லை, வாய்விட்டே சொன்னேன்.

"எங்க ஊருணிய வந்து பாருங்கய்யா! நாலு பக்கமும் செம்பராங்கல் படி. எங்க ஊர்ல பிறந்த எவரும் அந்தத் தண்ணியில கால் நனைச்சதில்ல. சட்டி சாமானும் படாது, குடம் மட்டும்தான் முங்கும். பச்சைப் பிள்ளையக் கூட வீட்டுக்குத் தூக்கிப் போயித்தான் கழுவுவோம்."

"அப்படியா!" என்று மாயக்கண்ணன் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

பத்தாம் நாள், சொன்ன சொல் தவறாமல் பதிலோடு வந்து நின்றார். பின்னால் வண்டியில் ஒரு பெரிய பலகை.

"மேற்படி ஊருணியானது ராஜதானியின் எட்டாவது காட்சியாக இதனால் அங்கீகரிக்கப்படுகிறது. இதன்பொருட்டு ராஜதானி வடக்கே ஒன்பது மைல் நீட்டப்படுகிறது. ஊருணியின் படி, கரை, தண்ணீர், தண்ணீரின்மை, வரத்துக்கால், அதில் சேர்ந்துள்ள மண் ஆகிய சகலமும் உள்ளது உள்ளபடியே பாதுகாக்கப்பட வேண்டியது."

"தண்ணி இல்லாததையுமா பாதுகாக்கணும்?" என்று கேட்டேன். குமாஸ்தா என் முகத்தைப் பார்க்காமல் வரத்துக்கால் மண்மேட்டிலேயே பலகையை நட்டார்.

ஊர் கொதித்தெழும் என்று நினைத்தேன். கொதிக்கத்தான் செய்தது, ஆனால் காப்பிக்கு. ராஜதானிவாசிகள் கஞ்சி குடிக்கலாமா என்று பலகைக்கு எதிரே ஒரு காப்பிக் கிளப்பு முளைத்தது. அதற்கும் மேலக்குடியிலிருந்துதான் தண்ணீர் வந்தது. மூன்று முறை அலைந்து சபித்துக்கொண்டு வந்த செம்மலை அல்பாக்காக் கோட்டு ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குக் காட்சியை விளக்கினார். பள்ளத்தூரில் பெண் எடுக்கப் போனவர்கள், "நாங்க ராஜதானிக்குள்ள இருக்கோம்" என்று சொல்லிச் சீர்வரிசையைக் கூட்டிக் கேட்டார்கள்.

ஐப்பசி பிறந்து வானம் கறுத்தது. விடியற்காலை நானும் சோணையம்மாளும் மண்வெட்டியோடு வரத்துக்காலில் இறங்கினோம். இரண்டு கூடை மண்கூட அள்ளவில்லை. ஜமீன் சேவகன் யாரும் வரவில்லை. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள்தான் ஓடிவந்தார்கள்.

"ஏத்தா, காட்சியக் கெடுத்துராதீக!" என்றார் செம்மலை, கோட்டை மாட்டிக்கொண்டே. "பட்டியல்ல இருந்து நம்மள எடுத்துட்டா ஊர் மானம் என்னாகுறது?"

"மானத்தைக் குடிக்க முடியுமாய்யா?" என்று கேட்டாள் சோணையம்மாள். அவர்களே மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, அள்ளிய இரண்டு கூடை மண்ணையும் இருந்த இடத்திலேயே கொட்டி மட்டம் பண்ணினார்கள்.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் மண்மேடு வரை வந்து, பலகையைச் சுற்றிக்கொண்டு, மேலக்குடிக்குத் திரும்பிப் போய்விட்டது. மூன்றாம் நாள் வீரலட்சுமிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். நானும் சோணையம்மாளும் ஆளுக்கு ஒரு குடத்தோடு ஓடினோம்.

மேலக்குடி ஊருணி ததும்பிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் நாகவல்லி உட்கார்ந்திருந்தாள். தினம் எங்களோடு சிரித்துப் பேசி, குடத்தைத் தூக்கிவிடுகிறவள். இன்று அவள் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"வாங்க மதினி. முதல்ல நாலு கரையையும் சுத்திப் பாத்துட்டு வாங்க. அப்புறம் கையெழுத்து. அப்புறம் குடம்."

"அடியே, பேரன் பிறந்திருக்கான்டி! குளிப்பாட்டத் தண்ணி வேணும்!" என்றாள் சோணையம்மாள்.

"நல்லா இருக்கட்டும். ஆனா வந்த காரியம்னு கட்டமே இல்லையே மதினி, கண்டுகளிச்சீகளான்னுதான் இருக்கு. உங்க ஊரு மட்டும்தான் பட்டியல்ல ஏறணுமா? நாங்களும் எழுதிப் போட்டிருக்கோம்."

நாலு கரையையும் சுற்றிவந்தோம். களித்தோம் என்று கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை பொய்யில்லை. நிறைந்த தண்ணீரைப் பார்த்து மனது களிக்கத்தான் செய்தது.

குடத்தை முக்கப் போனேன். "ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள் நாகவல்லி. "உங்க ஊர்ல காணத்தக்கது என்ன?"

வாயைத் திறந்தேன். மாதா சாட்சியாகச் சொல்கிறேன், இவ்வளவுக்கும் பிறகு, எங்கள் ஊருணிப் படி என்ன, கட்டுப்பாடு என்ன என்று சொல்லத்தான் திறந்தேன்.

சோணையம்மாள் கிள்ளின இடம் இன்னும் கன்றியிருக்கிறது.