முருகலட்சுமியின் முட்டிக்கு மூன்று ஊசி

மனிதகுலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு சக்கரமோ நெருப்போ அல்ல. என் மனைவி முருகலட்சுமியின் வலது முட்டியில் போட்ட ஊசிதான். பொறுப்புடன் சொல்கிறேன். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் நான்.

எங்கள் ஊர் திருச்சுழி போகிற வழியில். போர்வெல்லில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை லாரியில் வரும்; வீட்டுக்குப் பதினாறு குடம். பெண்கள் தூக்குவார்கள். ஆண்கள் லாரியை ரிவர்ஸ் எடுக்க 'வழிகாட்டுவோம்'. போன வருடம் ஒன்பதாவது குடத்தில் முருகலட்சுமி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாடே ஸ்தம்பித்தது. அதாவது, என் டீ தாமதமானது.

அவசரக் கூட்டம் கூட்டி (தலைவரும் நானே, உறுப்பினரும் நானே) பைக்கில் அருப்புக்கோட்டைக்கு அழைத்துப்போனேன். டாக்டர் துர்காதேவி விளக்கினார்.

"ஊசியில ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு மரத்துப்போக, சில மணி நேரத்துல விட்டுரும். இன்னொண்ணு ஸ்டீராய்டு, வீக்கம் குறைய. அது கேக்க ரெண்டு மூணு நாளாகும். அதுவரைக்கும் பாரம் தூக்கக்கூடாது. வலி தெரியலைன்னா முட்டி சரியாயிருச்சுன்னு அர்த்தமில்ல."

இதில் 'மரத்துப்போக' வரை என் செவிக்கு எட்டியது. மதியமே லாரி வந்தது. பதினாறு குடத்தையும் அவளே தூக்கினாள்! ஊரெல்லாம் ஊசியின் புகழ் பரப்பினேன். சாயங்காலம் அவள் முனகினாள். மருந்து வேலை செய்வதாக அறிவித்தேன்.

பிறகு 'ஊசித் திட்டம்' வகுத்தேன். இரண்டாவது, பருத்தி எடுப்புக்கு முன்னால். மூன்றாவது, பங்குனிப் பொங்கலுக்கு முன்னால், விருந்தாளிகள் வருவார்களே.

நான்காவதற்குப் போனபோது, பைக்கிலிருந்து இறங்க என் தோளை இறுகப் பிடித்தாள். கல்யாணத்தில்கூட அப்படிப் பிடித்ததில்லை. பெருமையாக இருந்தது.

டாக்டர் கையை விரித்தார். "வருசத்துக்கு மூணுதான் போடலாம், போட்டாச்சு. இன்னும் போட்டா உள்ள ஜவ்வு தேஞ்சுரும்."

"ஊசி போடாட்டி அப்புறம் என்ன வைத்தியம், டாக்டரம்மா? நாளைக்கு லாரி வருதுல்ல!"

"வீட்டுல தண்ணி எடுக்க வேற ஆளு இல்லையா?"

"இல்லையே. நாங்க ரெண்டே பேருதான்."

டாக்டர் என் கால்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன.

முருகலட்சுமி நிதானமாகச் சொன்னாள். "எனக்கு வேணாம், டாக்டரம்மா. இவுகளுக்கு ஒண்ணு போட்டு விடுங்க."

"இவருக்கு எங்கம்மா வலி?"

"எங்கயும் இல்ல. அதுதான் இவுக சீக்கு."