அழகுக்கு அறுபது மதிப்பெண்

அந்த அலுவலகத்தில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டு வந்தன. கம்ப்யூட்டர்கள் எல்லாம் வயரால் இணைக்கப்பட்டிருந்ததால், கேட்டவர்களுக்குக் கேட்டவுடன் கிடைத்தன. இதை ஒரு குறையாக யாரும் கருதவில்லை, புது இயக்குநர் வந்து சேரும்வரை.

"என்னய்யா இது, தரை முழுக்க வயர்? மத்த துறை ஆபீஸெல்லாம் வைஃபைக்கு மாறியாச்சு. நேத்து மீட்டிங்ல என்னால தலை நிமிர முடியல!"

ஆனாலும் இயக்குநர் நியாயஸ்தர். இரண்டையும் முறைப்படி ஒப்பிட்டு அறிக்கை தரும்படி கண்காணிப்பாளருக்கு உத்தரவிட்டார். கண்காணிப்பாளருக்கோ வேறு கவலை. மனைவிக்குத் தூரத்து ஊரில், இதே துறையின் கிளையில் வேலை. மகளும் அங்கேதான். அந்த ஊருக்கு மாற்றல் கேட்டிருந்தார். இயக்குநர் பரிந்துரைக்காமல் மனு நகராது. "அப்பா, எப்ப வருவே?" என்று போனில் நச்சரித்த மகள், இப்போதெல்லாம் கேட்பதையே விட்டுவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தார். வயரில் கண்மூடித் திறப்பதற்குள் சான்றிதழ் வந்தது. வைஃபையில், அந்தப் பழைய கருங்கல் சுவரைத் தாண்டி வருவதற்குள் டீ ஆறிப்போனது. வேகத்துக்கே பெரும்பங்கு மதிப்பெண் ஒதுக்கி, உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு இயக்குநர் முன் போய் நின்றார்.

"வேகத்துக்கு எதுக்குய்யா இவ்வளவு மார்க்? நம்ம ஆபீஸுக்கு யாராவது வேகத்தை நம்பி வர்றாங்களா?"

"இல்ல சார்."

"அழகுக்கு அறுபது போடுங்க. கூட்டிப் பெருக்க வசதி, முப்பது. மிச்சம் மீதியை வேகத்துக்குக் குடுங்க. உங்க மனு வேற என் மேஜையில கிடக்கு."

கண்காணிப்பாளருக்கு அங்கேயே ஞானோதயம் ஆயிற்று. வைஃபை அமோக வெற்றி பெற்றது. வயர்கள் பிடுங்கப்பட்டன. வைஃபை பெட்டி, பதவிக்குரிய மரியாதை கருதி, இயக்குநர் அறையில் மாட்டப்பட்டது.

சிக்னல் அந்த அறை வாசலோடு நின்றுவிட்டது. ஊழியர்கள் மேஜையோடு கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலை அடைத்தார்கள். வரிசையில் நின்ற பொதுமக்கள் முதலில் முணுமுணுத்தார்கள். 'நவீன அலுவலகம்' என்று பலகை வைத்ததும் அதன்முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

மாற்றல் மனுவை மேலிடத்துக்கு அனுப்பக் கடைசி நாள் வந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கண்காணிப்பாளர் பதறியடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். இயக்குநர் அலட்டிக்கொள்ளாமல் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒன்றை இழுத்துத் தன் கம்ப்யூட்டரில் செருகினார்.

"சார், இது வயராச்சே!"

"மெதுவாப் பேசுங்க. வைஃபை பிரமாதமா வேலை செய்யுதுன்னு தினமும் மேலிடத்துக்கு ரிப்போர்ட் போகணுமே, அதை வேற எதுல அனுப்பறது?"

பரிந்துரையைத் தாராளமாகவே எழுதினார்: 'வயர் ஒழிப்பில் இவருக்கு நிகர் இவரே.' கண்காணிப்பாளர் கண்கலங்கிக் கும்பிட்டார்.

வயரில் போனதால் பதில் அன்றே வந்துவிட்டது. இத்தகைய அரிய திறமையை ஓர் ஊரில் முடக்குவது துறைக்குப் பேரிழப்பு என்பதால் மாற்றல் மறுக்கப்படுகிறது. கிளை கிளையாகச் சென்று வயர்களை அகற்றுமாறு பணிக்கப்படுகிறார். முதல் கிளை, அவர் மனைவி வேலை பார்க்கும் கிளை.

மாலையில் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, எங்க ஆபீஸ்லயும் வயரைப் பிடுங்கப் போறாங்களாம். இனிமே நான் நேரத்தோட வீடு வந்து சேர்ந்த மாதிரிதான். இந்த யோசனையைக் குடுத்த புண்ணியவான் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அப்புறம் இருக்கு! சரி, நீங்க எப்ப வர்றீங்க?"

அடுத்த வாரம் என்று சொல்ல வாயெடுத்தவர், "ஹலோ... ஹலோ... சிக்னல் சரியில்லம்மா," என்று போனை வைத்துவிட்டார்.