பஸ்ஸுக்கு ஜுரம் பார்த்தவர்

நெய்வேலியில் நிலக்கரியைத் தவிர மீதி எல்லாவற்றையும் அறுபது டிகிரியில் சுட வைத்துப் பார்த்த மனிதர் ஒருவர்தான். ஆஸ்பத்திரி லேபில் வேலை. எங்கள் பிளாக்கில் அவருக்கு அறுபது டிகிரி என்றுதான் பெயர். காபியில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். திருநெல்வேலிக்காரர், சுத்த சைவம். ஆனால் வாரம் இரண்டு டஜன் முட்டை வாங்குவார். கடைக்காரர் கண்ணடித்தால், "சாப்பிட இல்லவே, ஆராய்ச்சிக்கு!" என்று கத்துவார்.

ஆராய்ச்சி இதுதான்: வெள்ளைக்கரு சூட்டில் உறையாமல் இருக்க அதில் என்ன கலக்கலாம்? உப்பு, சர்க்கரை, தேங்காய் எண்ணெய் சோப்பு எல்லாம் கலந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முட்டை மானத்தை வாங்கியது.

அந்த சமயத்தில்தான் என் மகள் வசந்தி படுத்தாள். நாலு வயது. புரதமெல்லாம் சிறுநீரில் போய், உடம்பு முழுக்க நீர் கோத்துக்கொண்டது. இமை வீங்கி இரண்டு கண்ணும் மூடிவிட்டன. மூச்சும் இழுத்தது. ரத்தத்திலிருந்து பிரித்த அல்புமின் என்ற புரத மருந்து உடனே ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். மெட்ராஸுக்கு ஓடி ஒரு பாட்டில் வாங்கி, பஸ் ஏறினேன்.

உட்கார இடமில்லை. எல்லோரும் செய்கிற மாதிரி பையை டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடிமேல் வைத்தேன். நான் புத்திசாலி. பண்ருட்டியில் ஏறியவர் தன் பலாப்பழங்களை அதைச் சுற்றி அடுக்கிவிட்டார். நெய்வேலியில் பையை எடுத்தால், பாட்டில் கொதிக்கிறது!

"எவ்வளவு சூடு பட்டுதுன்னே தெரியாம இதை எப்படிங்க குழந்தைக்கு ஏத்துறது?" என்றார் டாக்டர். வேறு பாட்டில் வாங்கி வர இன்னும் ஒரு நாள் ஆகும். குழந்தை அதுவரை தாங்குமா என்று கேட்டேன். அவர் போனை எடுத்தார். மெட்ராஸில் இருந்த தன் பேராசிரியருக்கு டிரங்க் கால் பதிவு செய்தார்; வெளியூர் லைன் கிடைக்க மணிக்கணக்காகும் காலம் அது. நான் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அறுபது டிகிரி வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கலங்கலவே, தெளிவா இருக்கு! இது ஃபேக்டரியிலேயே பத்து மணி நேரம் அறுபது டிகிரில இருந்த சரக்கு. மஞ்சக்காமாலைக் கிருமி சாகணும்லா? புரோட்டீன் திரியாம இருக்க, தேங்காண்ணெயிலருந்து எடுக்கிற உப்பு ஒண்ணைச் சேர்த்திருப்பான். அது இறுக்கிப் பிடிச்சுக்கிடும்."

"உங்க முட்டைக்கும் அதைத்தானே சார் போட்டீங்க?" என்றேன் அழுகையோடு.

"அது முட்டைவே! எந்த பஸ்ஸு? அதைச் சொல்லும்!"

அதே பஸ் மெட்ராஸுக்குத் திரும்பப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஏறிப்போய், எஞ்சின் மூடிமேல் தெர்மாமீட்டரைப் படுக்க வைத்து, பலாப்பழங்களுக்குப் பதிலாக மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டார் மனுஷர்.

டிரைவர் மிரண்டுபோனார். "இன்னா சார், கம்பியெ வச்சிக்கினு குந்திகினு கீறீங்க? வண்டிக்கு ஜொரமா?"

"ஆமாவே. எவ்வளவுன்னுதான் பாக்கேன். நீரு விரட்டி ஓட்டும்!"

பண்ருட்டி வரைக்கும் அப்படியே போய், அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அவர் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதுதான் டிரங்க் கால் கிடைத்திருந்தது. "எவ்வளவு சூடு பட்டிருக்கும்?" என்று பேராசிரியர் கேட்க, டாக்டர் விழிக்க, இவர் ரிசீவரைப் பிடுங்கி வார்டே அதிரக் கத்தினார்: "நாப்பத்தெட்டு! ஐயா, அறுபதைத் தொடவே இல்லை!"

அந்தப் பக்கம் பேராசிரியர் சிரித்தது எனக்கே கேட்டது. பாட்டில் கலங்கவில்லையே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, ஏற்றச் சொன்னார்.

சாயங்காலம் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கியது. அதன் பிறகு வசந்தி சிறுநீர் கழித்தாள் பாருங்கள், நர்ஸுகள் கை தட்டினார்கள்! அந்தச் செய்தியை பிளாக் முழுக்க வீடு வீடாகச் சொன்னவரும் அறுபது டிகிரிதான்.

இரண்டாம் நாள் காலை வீக்கம் வடிந்து வசந்தி கண்ணைத் திறந்தபோது, நான் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சோதனைக்குச் சிறுநீர் எடுக்க வந்திருந்த அவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தாளாம், பார்த்துச் சிரித்தாளாம். பெற்றவன் எனக்குக் கிடைக்காத அந்தச் சிரிப்பு, சத்தியமாகச் சொல்கிறேன், சேர வேண்டிய ஆளிடம்தான் போய்ச் சேர்ந்தது.